ஜவ்வரிசி ஆலையின் எச்சம் யாருக்குச் சொந்தம்?

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில் அறுவடைக் காலத்தில் பயணம் செய்பவர்களுக்கு இரண்டு காட்சிகள் பழக்கமானவை. ஒன்று, மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் லாரிகளும் டிராக்டர்களும். மற்றொன்று, சிமென்ட் களங்களில் வெயிலில் பரப்பிக் கிடக்கும் வெள்ளை மணிகள். மூன்றாவது ஒன்றும் உண்டு. அதைக் கண் காண்பதற்கு முன்பே மூக்கு உணர்ந்துவிடும். ஆலைகளின் பின்புறம் குவிக்கப்பட்ட ஈரத் திப்பியும், தேங்கி நிற்கும் கழிவு நீரும் புளித்து எழுப்பும் வாடை அது.

அந்த வாடை வெறும் சுற்றுச்சூழல் பிரச்னை என்றே இதுவரை பேசப்பட்டு வருகிறது. அது ஒரு பொருளாதாரப் பிரச்னையும்கூட. விவசாயி எட்டு முதல் பத்து மாதம் காத்திருந்து விளைவித்த மாவுச்சத்தின் ஒரு பகுதிதான் அங்கே புளித்துக்கொண்டிருக்கிறது.

ஜவ்வரிசி என்பது முதலில் மரவள்ளியிலிருந்து வந்த பொருளே அல்ல. மலேயா, இந்தோனேசியப் பகுதிகளில் வளரும் சாகு என்னும் பனை இன மரத்தின் தண்டிலிருந்து எடுக்கப்படும் மாவில் செய்யப்பட்டது அது. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரும் மலாய் மொழியிலிருந்து வந்ததே. இரண்டாம் உலகப் போரில் கீழைக் கடல் வழி அடைபட்டு இறக்குமதி நின்றபோது, அதற்கு மாற்றுத் தேடினார்கள். சேலத்தில் மீன் வணிகம் செய்துவந்த மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் வாழ்ந்து அத்தொழிலை அறிந்திருந்த பொபட்லால் ஷாவும் 1943 வாக்கில் மரவள்ளி மாவைக் கொண்டு குடிசைத் தொழிலாக இதைத் தொடங்கினர் என்பது இத்தொழிலின் வரலாறு. இன்று நாட்டின் ஜவ்வரிசி உற்பத்தியில் மிகப் பெரும்பகுதி சேலம், நாமக்கல், தருமபுரி மற்றும் அவற்றை ஒட்டிய மாவட்டங்களிலிருந்தே செல்கிறது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

விளைவது இங்கே, உண்பது பெரும்பாலும் வடக்கே. மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகியவையே பெரிய சந்தைகள். ஏகாதசியிலும் நவராத்திரியிலும் தானியம் தவிர்க்கும் மராத்தியக் குடும்பங்கள் ஜவ்வரிசிக் கிச்சடியை விரத உணவாக உண்கின்றன. தென்னமெரிக்காவில் பிறந்து, போர்ச்சுக்கீசியர் வழியாகக் கேரளத்துக்கு வந்து, சேலத்தில் மணியாக உருண்ட ஒரு கிழங்கு வட இந்திய விரதத்துக்குரிய பொருளானது வேடிக்கையான பயணம்தான். நம் வீடுகளில் அது பாயசத்தோடும் வடாத்தோடும் நின்றுவிடுகிறது.

இத்தொழிலில் விவசாயியின் நிலையைப் புரிந்துகொள்ள, கிழங்கின் ஓர் இயல்பை முதலில் அறிய வேண்டும். மரவள்ளிக் கிழங்கைப் பறித்த இரண்டு, மூன்று நாள்களுக்குள் அதன் உட்பகுதியில் நீலக் கருங்கோடுகள் தோன்றிக் கெடத் தொடங்கிவிடும். நெல்லைப்போல் குதிரில் சேர்த்துவைக்கவோ, மஞ்சளைப்போல் விலை ஏறும்வரை கிடங்கில் வைத்திருக்கவோ இயலாது. மண்ணுக்குள் இருக்கும்வரை அது விவசாயியின் சொத்து. பறித்துவிட்டாலோ, அன்றைக்கு என்ன விலை சொல்லப்படுகிறதோ அதற்குக் கட்டுப்பட்ட பொருள். நிலத்திலேயே விட்டுவைக்கலாம் என்றால் தண்ணீர், அடுத்த பயிர், கடன் தவணை ஆகியவை காத்திருப்பதில்லை.

ஆலை வாசலில் கிழங்கு எடைக்கு மட்டுமின்றி, மாவுச்சத்தின் அளவுக்கும் மதிப்பிடப்படுகிறது. வழக்கில் இதைப் 'பாயிண்ட்' என்கிறார்கள். கிழங்கு மாதிரியைக் காற்றிலும் பிறகு நீரிலும் எடைபோட்டு, அடர்த்தியைக் கொண்டு மாவுச்சத்தைக் கணக்கிடுவது உலகெங்கும் உள்ள எளிய முறை. முறையில் பிழையில்லை. ஆனால் தராசு வாங்குபவரிடம் இருக்கிறது. மாதிரியைத் தேர்ந்தெடுப்பதும் அவரே. ஒரு பாயிண்டுக்கு எவ்வளவு என்று சொல்வதும் அவரே. பல இடங்களில் இவர்களுக்கு நடுவே தரகரும் நிற்கிறார். ஆண்டுதோறும் விலை சரியும்போது விவசாயிகள், ஆலை உரிமையாளர்கள், அதிகாரிகள் கூடும் முத்தரப்புக் கூட்டம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிறது. விலை குறித்த பேச்சு அங்கே நீள்கிறது. ஆனால் திப்பி அங்கே பேசுபொருளாவதில்லை.

திப்பியைப் பேசவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிழங்கைக் கழுவித் தோலுரித்து அரைத்து, நீர் பாய்ச்சிச் சல்லடையில் வடிக்கும்போது மாவுப்பால் கீழே இறங்கும். சல்லடையில் தங்கும் நார்க்கூழே திப்பி. மாவுப்பால் தொட்டிகளில் தெளிந்து ஈர மாவாகி, குலுக்கப்பட்டு மணியாகி, சூடான தட்டில் வறுபட்டுக் களத்துக்குப் போகிறது. எவ்வளவு நன்றாக அரைத்தாலும் நார்க்கூட்டுக்குள் சிக்கிய மாவு முழுவதும் வெளிவராது. உலர்ந்த திப்பியை ஆய்வுக்கு உட்படுத்தினால் அதன் எடையில் சரிபாதிக்கும் மேல் மாவுச்சத்தே இருக்கும். கழிவு என்று நாம் பெயரிட்டிருப்பது, உண்மையில் பாதிக்கு மேல் அதே மாவு.

28 பாயிண்ட் உள்ள ஒரு டன் கிழங்கில் 280 கிலோ மாவுச்சத்து இருக்கிறது. ஆலை அதில் பெரும்பகுதியைப் பிரித்தெடுக்கிறது. மிச்சம் திப்பியோடும், சிறிது கழிவு நீரோடும் போகிறது. பழைய இயந்திரம் உள்ள ஆலையில் இந்த இழப்பு கூடுதல். ஆலை உரிமையாளர் ஒருவர், "28 பாயிண்டுக்கும் நான்தான் பணம் கொடுத்தேன், திப்பியில் போனது என் நட்டம், அதை விற்பது என் உரிமை" என்று வாதிடலாம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. எனினும், அந்த ஒரு பாயிண்டின் விலை எப்படி முடிவு செய்யப்படுகிறது என்பதே கேள்வி. ஜவ்வரிசி மூட்டையின் விலையிலிருந்து செலவையும் இலாபத்தையும் கழித்து வரும் தொகை அது. அக்கணக்கில் திப்பி விற்ற வரவு சேர்க்கப்படுகிறதா, இல்லையா என்பதை விவசாயி அறிய வழியில்லை.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. கரும்பு விலை குறித்து 2012-இல் அறிக்கை அளித்த ரங்கராஜன் குழு, சர்க்கரையுடன் சக்கை, மொலாசஸ், ஆலைக் கழிவு மண் ஆகிய துணைப் பொருள்களின் மதிப்பையும் சேர்த்து, அதில் 70 விழுக்காடு விவசாயிக்குச் சேர வேண்டும் என்றது. துணைப் பொருள்களைச் சேர்க்காமல் சர்க்கரை மதிப்பை மட்டும் கொண்டால் அது 75 விழுக்காடு என்றும் கணக்கிட்டது. அந்தச் சூத்திரம் நடைமுறைக்கு வந்தபோது கரும்பு விவசாயிகள் எழுப்பிய மனக்குறைகள் பல. அதை அப்படியே பெயர்த்து மரவள்ளிக்கு ஒட்டவைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் எச்சத்தின் மதிப்பிலும் விளைவித்தவருக்குப் பங்குண்டு என்ற கொள்கை அங்கே எழுத்தில் ஏற்கப்பட்டுவிட்டது. மரவள்ளியில் அது பேச்சாகக்கூடத் தொடங்கவில்லை.

கரும்புச் சக்கை மதிப்புள்ள பொருளானதற்கும் காரணம் உண்டு. அதை வாங்க ஒரு நிலையான வாடிக்கையாளர் வந்தார். தமிழ்நாடு அரசு 1979-இல் நிறுவி, 1984-இல் கரூர் அருகே உற்பத்தியைத் தொடங்கிய காகித ஆலை சக்கையை மூலப்பொருளாகக் கொண்டது. சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் எரித்துவந்த சக்கையைத் தரவேண்டுமானால் அவற்றுக்கு மாற்று எரிபொருள் வேண்டும். அந்த ஏற்பாட்டையும் செய்து கொடுத்த பிறகே சக்கை காகிதமானது. தொழில்நுட்பத்தைவிட அந்த ஒப்பந்தமே முக்கியமானது எனலாம்.

திப்பிக்கு அப்படி ஒரு வாடிக்கையாளர் இல்லை. மாட்டுத் தீவனம், தீவன ஆலைகளின் கலவை என்று சிதறிய சந்தைதான் உண்டு. காரணம் திப்பியின் நீர். சல்லடையிலிருந்து வரும் திப்பியின் எடையில் பெரும்பகுதி தண்ணீரே. அதை லாரியில் ஏற்றினால் தண்ணீருக்கு வாடகை கொடுத்ததாகும். ஏற்றாமல் விட்டால் ஓரிரு நாளில் புளித்துவிடும். எனவே ஆலையின் பக்கத்திலேயே தரையில் பரப்பி உலர்த்துகிறார்கள். மண்ணும் தூசும் சேர்கின்றன. அறுவடை மும்முரமாக இருக்கும்போது வடகிழக்குப் பருவமழையும் பிடித்துக்கொண்டால், காயாத திப்பியில் பூஞ்சை பிடிக்கிறது. பூஞ்சை நச்சு உள்ள தீவனம் மாட்டுக்கும் கேடு, அதன் பாலுக்கும் கேடு. தரத்துக்கு உறுதி இல்லாத பொருளுக்கு விலை எங்கிருந்து வரும்?

இத்தனைக்கும் பக்கத்து மாவட்டமான நாமக்கல்லில் நாட்டின் பெரிய கோழிப்பண்ணைத் தொழில் இருக்கிறது. மக்காச்சோளத்தின் விலை ஏறும்போதெல்லாம் அங்கே முட்டைக் கணக்கு தடுமாறுகிறது. திப்பியை அப்படியே கோழிக்குக் கொடுத்துவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நார் அதிகம், புரதம் மிகக் குறைவு, அரைக்கும் தன்மையும் தூசியாக இருக்கும். மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றுக்கே அது கூடுதலாகப் பொருந்தும். நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கவைத்துத் திப்பியின் புரதத்தை உயர்த்தும் ஆய்வுகள் நடந்துள்ளன. ஆனால் எந்த ஆய்வு களத்துக்கு வருவதற்கும் முதலில் வேண்டியது, அழுத்திப் பிழிந்து, சுத்தமாக உலர்த்தி, ஈரப்பதம் எவ்வளவு என்று அச்சிட்ட மூட்டையில் திப்பியைக் கொடுக்கும் ஓர் இடம். ஒவ்வொரு சிறிய ஆலையும் தனக்கென ஓர் உலர்த்தியை வாங்க முடியாது. பத்து, பதினைந்து ஆலைகள் சேர்ந்த ஒரு பொது உலர்த்தி நிலையம் இயலும்.

அந்த உலர்த்திக்கான வெப்பம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், விடை அதே ஆலையின் வாய்க்காலில் ஓடுகிறது. மாவு தெளிந்தபின் வடியும் நீரில் கரைந்த சர்க்கரைகளும் நுண்மாவும் இருப்பதால் அதன் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்குச் சில ஆயிரம் மில்லிகிராம் அளவில் இருக்கும். நீர்நிலையில் விட அனுமதிக்கப்பட்ட வரம்போ 30 மில்லிகிராம். கிழங்கில் இயல்பாக உள்ள சயனைடு சேர்மங்களும் இந்த நீரில் கலந்து வருகின்றன. திருமணிமுத்தாறு போன்ற சிற்றாறுகளும், சுற்றுவட்டாரக் கிணறுகளும் எத்தனை ஆண்டுகள் இதன் சுமையைச் சுமந்தன என்பதை அப்பகுதி மக்கள் அறிவார்கள்.

காற்றில்லாத மூடிய கலன்களில் இதே நீரை நொதிக்கவிட்டால் மீத்தேன் எரிவாயு கிடைக்கும். உலகின் மிகப் பெரிய மரவள்ளி மாவு ஏற்றுமதி நாடான தாய்லாந்தில், 2000-களின் தொடக்கத்திலிருந்து மாவு ஆலைகள் பரவலாக இதைக் கைக்கொண்டன. எரிவாயு ஆலையின் உலர்த்திகளை ஓட்டியது, மிஞ்சியது மின்சாரமானது, பசுங்குடில் வாயுவைத் தடுத்ததற்காக அனைத்துலகக் கார்பன் சந்தையிலிருந்து வரவும் வந்தது. உலர்ந்த கிழங்குக்கூழும் அங்கே விலைபோகும் சரக்கு. சேலம் வட்டாரத்திலும் பல பெரிய ஆலைகள் இம்முறையை ஏற்று மின்செலவைக் குறைத்திருக்கின்றன. எஞ்சியிருப்பவை சிறு ஆலைகள். அறுவடைப் பருவத்தில் மட்டும் ஓடும் ஆலைக்கு ஆண்டு முழுவதும் நுண்ணுயிர்களை உயிரோடு வைத்திருக்க வேண்டிய கலன் ஒரு சுமை. இங்கேயும் கூட்டு ஏற்பாடு அன்றி வேறு வழி தென்படவில்லை.

கூட்டுறவு இத்தொழிலுக்குப் புதிதல்ல. வணிகர்களும் கடன் கொடுப்போரும் ஆலைகளை ஆட்டிவைத்த காலத்தில், 1981-இல் 'சேகோசர்வ்' என்று அழைக்கப்படும் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் தொடங்கப்பட்டது. ஆலை தன் மூட்டையை அதன் கிடங்கில் வைத்து, சரக்கின் மீது முன்பணம் பெற்று, ஒப்பந்தப்புள்ளி முறையில் வெளிப்படையாக விற்கலாம். தரப் பரிசோதனையும் அங்கே உண்டு. சரக்கை அவசரத்துக்கு விற்க வேண்டிய கட்டாயத்திலிருந்து அது ஆலைகளை மீட்டது. ஆலை உரிமையாளருக்கு அன்று கிடைத்த அந்தப் பாதுகாப்பு, அவருக்குக் கிழங்கு தரும் விவசாயிக்கு இன்றுவரை கிட்டவில்லை. சங்கம் உற்பத்தியாளர்களுக்கானது, அங்கே உற்பத்தியாளர் என்றால் ஆலை என்றே பொருள்.

இதற்கு விவசாயி தரும் விலை கொல்லிமலையில் வெளிப்படையாகத் தெரிகிறது. சாமை, திணை, கேழ்வரகு விளைந்த மலைச்சரிவுகளில் கடந்த சில பத்தாண்டுகளில் மரவள்ளி பரவியது. பணம் வரும் பயிர் என்பதே காரணம். சிறுதானியம் வீட்டுக்குச் சோறாகும். மரவள்ளி விலை வீழ்ந்த ஆண்டில் ஆலைக்கான இரகக் கிழங்கை வைத்துக்கொண்டு அவ்வாறு ஆறுதல் கொள்ள முடியாது. மலையிலிருந்து இறக்கும் வாடகையும் அவர்கள் தலையில்தான். மலையடிவாரத்திலேயே கிழங்கைச் சீவி உலர்த்தும் ஏற்பாடு இருந்தால், நீரைச் சுமந்து இறங்கும் செலவு மிஞ்சும். பறித்த மூன்றாம் நாளின் அச்சமும் நீங்கும். உலர் சீவல் ஜவ்வரிசி ஆலைக்கு ஏற்றதல்ல, தீவனத்துக்கும் எரிசாராயத்துக்கும் தான் பொருந்தும் என்பது உண்மையே. 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை மரவள்ளியை எத்தனால் மூலப்பொருள்களில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. விவசாயிக்கு இரண்டாவது வாங்குபவர் ஒருவர் இருக்கிறார் என்ற நிலையே முதல் வாங்குபவரின் விலையைச் சற்று உயர்த்தும்.

விநியோகச் சங்கிலி ஆலை வாசலில் தொடங்குவதில்லை, விதைக்குச்சியில் தொடங்குகிறது. மரவள்ளியை விதையிட்டு வளர்ப்பதில்லை, தண்டைத் துண்டுகளாக்கி நடுகிறோம். எனவே தண்டில் உள்ள நோய் அடுத்த தோட்டத்துக்கும் அப்படியே போகிறது. இலையைச் சுருக்கி விளைச்சலைக் குறைக்கும் தேமல் நோய் இவ்வாறும், வெள்ளை ஈ மூலமும் பரவியது. முள்ளுவாடி, குங்குமரோஸ், எச்-226 என்று விவசாயிகள் விரும்பும் இரகங்களில் நோயற்ற குச்சி கிடைப்பது அரிதாகிவிட்டது. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் ஸ்ரீ ரக்ஷா போன்ற எதிர்ப்பு இரகங்களை வெளியிட்டிருக்கிறது. அவற்றை இலட்சக்கணக்கில் பெருக்கித் தரும் நாற்றங்கால்கள்தாம் போதவில்லை. நல்ல குச்சியால் முதலில் பயனடைவது ஆலையே என்பதால், அந்தச் செலவில் ஆலைகள் பங்கேற்பது தானமாகாது.

கூட்டு முயற்சி பலன் தரும் என்பதற்கு அண்மைச் சான்று மாவுப்பூச்சி விவகாரம். 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவிலேயே சேலம், நாமக்கல் தோட்டங்களை வெள்ளையடித்தது. 1980-களில் ஆப்பிரிக்காவை அலைக்கழித்த அதே பூச்சி. அங்கே அதை அடக்கியது தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அனகைரஸ் லோபெசி என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவி. அப்பணிக்கு வழிகாட்டிய ஹான்ஸ் ஹெர்ரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் ஆய்வகம் அக்குளவியை ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முறையாக வெளியிட்டது. இரு கண்டங்களைத் தாண்டிக் குளவியைக் கொண்டுவர முடிந்த நம்மால், ஆத்தூருக்கும் நாமக்கல்லுக்கும் இடையே காய்ந்த திப்பியைக் கொண்டுசேர்க்க முடியாதா என்ற ஆதங்கம் எழுவது இயல்பு.

இலையையும் மறந்துவிடக் கூடாது. மேற்சொன்ன திருவனந்தபுரம் நிறுவனம் மரவள்ளி இலையிலிருந்து நன்மா, மென்மா, ஷ்ரேயா என்னும் பூச்சிக்கொல்லிகளை உருவாக்கியது. வாழைத்தண்டுக் கூன்வண்டு போன்றவற்றுக்கு எதிராக அவை பயன்படுகின்றன. எரி பட்டுப்புழு மரவள்ளி இலையைத் தின்று வளரும். இலையில் ஒரு பகுதியைப் பறித்து வீட்டில் புழு வளர்ப்பது பெண்களுக்குக் கைச்செலவுக்கு ஆகும் வருமானம். கிழங்கின் பருமனைக் குறைக்காத அளவில்தான் பறிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே சொல்லப்படுகிறது.

தோலின் கதை வேறு. கிழங்கின் சதையைவிடத் தோலில் சயனைடு சேர்மம் அதிகம். முழுமையாகத் தோலுரிக்க ஆள்கூலி ஆகும் என்பதால் சில இடங்களில் தோலும் சேர்ந்தே அரைபடுகிறது. விளைவு, மாவு மங்கலாகிறது. மங்கலை மறைக்க வெளுப்பு இரசாயனங்கள். வடக்கே வெண்மையே தரம் என்று நம்பி வாங்குகிறார்கள். அந்த வெண்மைக்காக இங்கே அமிலமும் பிளீச்சும் கலந்த புகார்கள் பலமுறை எழுந்து, உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனைகள் நடத்தியிருக்கிறார்கள். மக்காச்சோள மாவுக் கலப்படம் இன்னொரு நோய். அதில் கலப்படம் செய்யாத ஆலையும் விவசாயியும் சேர்ந்தே நட்டப்படுகிறார்கள், விலை இருவருக்கும் வீழ்வதால். தோலை இயந்திரத்தால் தனியே பிரித்தால் வெளுப்பின் தேவை பெரிதும் குறையும். பிரித்த தோல் உரமாகவோ எரிவாயுக் கலனுக்கு உணவாகவோ போகும். சற்றே பழுப்பான, இரசாயனம் தொடாத ஜவ்வரிசியைப் புவிசார் குறியீட்டின் பெயரில் தனி விலைக்கு விற்கத் துணிந்தால், அந்தக் குறியீட்டுக்கு ஒரு வேலை கிடைக்கும். இப்போது அது சுவரில் மாட்டிய சான்றிதழாகவே இருக்கிறது.

விளைச்சலில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். உலக சராசரி ஹெக்டேருக்கு ஏறத்தாழ 11 டன். இந்தியாவின் சராசரி 30 டன்னுக்கு மேல். தாய்லாந்துகூட இதில் நமக்குப் பின்னால்தான். வயலில் பெற்ற இந்த முன்னிலையை ஆலையின் பின்கட்டில் இழக்கிறோம்.

நுண் உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்காக 2020-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் தனிநபர் தொழிலுக்கு 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 இலட்சம் ரூபாய் மானியம் உண்டு; குழுக்களுக்கும் பொதுக் கட்டமைப்புக்கும் அதில் இடம் இருக்கிறது. விவசாயி உற்பத்தியாளர் நிறுவனங்கள் இப்பகுதியில் இல்லாமலும் இல்லை. திப்பி உலர்த்தும் நிலையத்தை ஆலைகள் சங்கமும் உற்பத்தியாளர் நிறுவனமும் கூட்டாக நடத்தினால், திப்பியில் விவசாயிக்கு எவ்வளவு பங்கு என்ற வழக்கே எழாது. நிலையத்தின் இலாபத்தில் அவர் பங்குதாரராகவே இருப்பார். ஆலை உரிமையாளருக்கும் தன் பின்கட்டில் குவிந்து நாறும் சரக்கை அன்றன்றே அப்புறப்படுத்திய நிம்மதி கிடைக்கும்.

அதற்கு முன்பாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குச் செலவே இல்லை. அடுத்த முத்தரப்புக் கூட்டத்துக்கு ஆலைத் தரப்பு வரும்போது, ஜவ்வரிசியின் விற்பனை விலையோடு அந்தப் பருவத்தில் திப்பி எத்தனை டன் விற்றது, என்ன விலைக்கு விற்றது என்ற கணக்கையும் கொண்டுவர வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் கேட்கலாம். தராசைப் பொது இடத்தில் வைத்து வேளாண் துறை அலுவலர் முன்னிலையில் பாயிண்ட் பார்க்கும் ஏற்பாட்டையும் அதே கூட்டத்தில் முடிவு செய்யலாம்.